நான் சாப்பிடாமல் இருந்த காலம்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தேன். முதலில் இராச்சோறு போனது, அப்புறம் காலை இட்லி. மதியத்துக்கு அம்மா கட்டித்தந்த டப்பா திண்டிவனம் பஸ்ஸிலேயே பக்கத்து சீட்டுத் தோழிக்குப் போய்விடும். இளைத்ததும் தெருவே பாராட்டியது. "சினிமாக்காரி மாதிரி ஆயிட்டடி" என்றாள் எதிர்வீட்டு அக்கா. கண்ணாடியில் மட்டும் நான் எனக்குக் குண்டாகவே தெரிந்தேன்.

பிறகு உடம்பு தன் பங்குக்கு ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. தலையில் உதிர, கைகளில் பூனைமயிர் முளைத்தது. மாதவிலக்கு நின்றது, தொல்லை விட்டதென்று சந்தோஷப்பட்டேன். எங்கள் ஊர் செஞ்சியின் மலைப்பாறைகள் கொதிக்கும் சித்திரையில் நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

"இன்னாடி இது, ஊரே வேர்த்து ஊத்துது, நீ ஸ்வெட்டர் போட்டுனு கீற?"

"குளுருதும்மா."

மலேரியா என்று அம்மா முடிவுகட்டினாள்.

அந்த வாரம் அவலூர்பேட்டையிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். கோட்டை பார்க்க வேண்டுமாம். சின்ன வயதிலிருந்து அந்தக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளில் ஓடி ஏறியவள் நான். அன்று பாதியிலேயே கண் இருட்டிச் சாய்ந்தேன். சித்தப்பா தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். "காலி சாக்கு மாதிரி கீறா" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அந்த மயக்கத்திலும் அதற்குப் பெருமைப்பட்டேன் என்றால் பாருங்கள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த நர்ஸ், மெஷின்தான் கெட்டுவிட்டதென்று வேறொன்று கொண்டுவந்தார். அதிலும் அதே மந்தத் துடிப்பு. டாக்டரம்மா என் நைனாவிடம் சொன்னார்: "சாப்பாடு இல்லாம உடம்பு தன் சதையையே தின்னிருக்கு. இதயமும் சதைதான். பொட்டாசியம் வேற ரொம்பக் கொறைஞ்சிருக்கு. துடிப்பு எந்நேரமும் நின்னுடலாம்."

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் அம்மா அடுக்கு கேரியரில் மீன்குழம்பும் சோறுமாக வந்து நின்றாள். டாக்டரம்மா வாசலிலேயே மறித்தார்.

"பட்டினி கெடந்த உடம்புக்குத் திடீர்னு அள்ளிக் குடுத்தா, அதுவே ஆபத்தும்மா."

"துன்னலன்னாலும் ஆபத்து, துன்னாலும் ஆபத்தா? இன்னா டாக்டரம்மா நீ!"

கேரியரை நர்சுகள் காலி செய்தார்கள். எனக்குக் கஞ்சிதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து.

மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்கள். அழுதேன், சண்டை போட்டேன், தோசையைத் தலையணைக்கடியில் ஒளித்தேன். மெல்லத்தான் சோறு சோறாகத் தெரிந்தது. அடுத்த வருடம் மாதவிலக்கு திரும்பிய அன்று அம்மா கேசரி கிண்டினாள்.

"இன்னா விசேஷம்?" என்றார் நைனா.

"ஒன்னுமில்ல, சாப்டுங்க."

எல்லாமே திரும்பிவிடவில்லை. போன மாதம் குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு உரமேற வேண்டிய வயதில் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன் என்றார் எலும்பு டாக்டர். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் நைனா முட்டைதோசையைப் பிய்த்து ஊட்டினார்.

"இன்னொண்ணு போடச் சொல்லட்டா?"

"ரெண்டு" என்றேன்.