ஸ்டாம்பு ஒட்டாத கவர்கள்

ஆக்னஸுக்கு ஐம்பத்தைந்து வயது நடக்கும்போது அவள் தையல் மெஷின் மண்டையைப் போட்டது. கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகப் புதுநன்மைக் கவுன் தைத்த மெஷின். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த மகன் கிளாட்வினுக்கு அதில் வருத்தமே இல்லை. இனி அம்மா ஜெபமாலையும் கையுமாக உட்காரட்டும், மருமகள் பொங்கிப் போடுவாள் என்றான். பொங்கிப் போட்டதைத் தின்றுவிட்டு, ஒரு ரவிக்கைத் துணிக்கும் அவன் முகத்தைப் பார்த்து நிற்க ஆக்னஸுக்கு மனமில்லை. புது மெஷின் நானூறு ரூபாய் சொன்னார்கள்.

எழுபத்தைந்தாம் வருஷத் தவக்காலம் அது. மதுரையிலிருந்து சங்கரலிங்கம் என்ற வியாபாரி வந்து லாட்ஜில் தங்கி, பழைய தபால் கவர்களைத் தெருத் தெருவாக வாங்கிக்கொண்டிருந்தார். கிளாட்வினே அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

ஆக்னஸின் புருஷன் வில்பிரட் யுத்தத்தில் நாலு வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர் அனுப்பிய கவர்கள் மற்றத் தபால்களோடு ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. டின்னைக் கவிழ்த்ததும் சங்கரலிங்கம் உச்சுக்கொட்டினார். மற்றக் கவர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் மூலையில் சதுர ஓட்டை. அந்தத் தெருவில் தபால் வந்தால், வாசிப்பதற்கு முன்னாலேயே ஸ்டாம்பைக் கத்தரித்து, மிஷன் காரியத்துக்கென்று சிஸ்டர்கள் கோயிலில் வைத்திருந்த பெட்டியில் போட்டுவிடுவார்கள். புண்ணியம் என்று செய்த வேலை. பட்டாளத்துக் கவரில் மட்டும் கத்தரி படவில்லை. இலவசமாக வந்த தபாலில் வெட்ட ஸ்டாம்பு ஏது? வட்ட முத்திரைக்குள் ஊர்ப் பெயருக்குப் பதிலாகப் பட்டாளத்துத் தபாலாபீஸின் எண்ணும் தேதியும், பக்கத்தில் தபாலைப் பிரித்துப் படிக்கும் சென்சார்காரன் குத்திய சீலும், அவ்வளவுதான்.

ஸ்டாம்பு இல்லாத கவர் வெறும் குப்பை, பட்டாளத்துக் கவர் முப்பத்தொன்றுக்கும் சேர்த்துப் பதினைந்து ரூபாய் தருகிறேன் என்றார் சங்கரலிங்கம். கிளாட்வின் தலையாட்டினான்.

ஆக்னஸ் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடையில் எந்தத் துணியைக் குறை சொல்லுகிறாளோ, அதைத்தான் ஒருத்தி இரண்டாந்தரம் தடவுவாள். இந்த மனிதர், ஓட்டை விழாமல் தப்பித்த ஸ்டாம்புக் கவர் இரண்டை ஒதுக்கித் தள்ளினார். குப்பை என்றதை விளிம்பில் பிடித்துத் தூக்கி, லென்ஸ் வைத்து எண்ணைப் பார்த்து, நோட்டில் வேறு குறித்தார்.

“குப்பையை எதுக்கு அண்ணாச்சி எழுதி வைக்கீய?”

அவர் சிரித்து மழுப்பினார். எண் இருக்கிறது, ஆனால் எந்த ஊரிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாதே, அதனால்தான் விலையில்லை என்றார்.

“தெரிஞ்சா?”

சங்கரலிங்கம் அடுத்த கவரை எடுத்து லென்ஸ் வைத்தார். ஆக்னஸ் உள்ளே போய்த் தன் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் பென்சிலால் எண்கள், மாதங்கள், ஊர்ப் பெயர்கள்.

யுத்த காலத்தில், இருக்கும் இடத்தைப் பட்டாளத்துக்காரன் எழுதக் கூடாது. எழுதினால் சென்சார்காரன் பிளேடால் வெட்டிவிடுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் கோயில் ஓரத்தில் கவர்களைப் பரப்பி எண் சேர்த்துப் பார்ப்பார்கள். லீவில் எவனாவது வந்தால் பிடித்து உட்கார்த்தி, இந்த எண் இந்த மாதம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். எண் ஒன்றே என்றாலும் படையோடு ஊர் ஊராக நகரும். கேட்டதையெல்லாம் ஆக்னஸ்தான் எழுதி வைத்தாள். இது சர்க்கார் ரகசியம் என்று சாமியார் ஒருமுறை சத்தம் போட்டார். எங்கள் வீட்டு ஆம்பளை எங்கே நிற்கிறானென்று எங்களுக்குத் தெரியக் கூடாதா என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் கான்வென்ட் கிணற்றடிக்கு இடத்தை மாற்றிக்கொண்டாள்.

மூன்று பக்கம் புரட்டியதும் சங்கரலிங்கத்தின் கை பேனாவைத் தேடியது. ஆக்னஸ் புத்தகத்தை வாங்கி மூடினாள்.

புத்தகத்துக்கு மட்டும் நூறு ரூபாய் என்றார். கிளாட்வின் வாயைத் திறந்தான்.

“நீ சும்மா இருலே. பதினஞ்சு ரூவாய்க்குத் தலையாட்டினவன்தான நீ?”

அவள் தன் கணக்கைச் சொன்னாள். கவர் ஒன்று பத்து ரூபாய். உள்ளே இருக்கும் கடிதம் கிடையாது. அதில் வில்பிரட் தன் அம்மாவைப் பற்றி எழுதியதை மதுரைக்காரர்கள் வாசிக்க வேண்டாம். மற்ற ஊர்களில் சங்கரலிங்கம் வாங்கி வைத்திருக்கும் கவர்களைக் கொண்டு வந்தால், பார்த்து ஊர் சொல்ல ஒன்றுக்கு ஒரு ரூபாய். புத்தகம் விலைக்கில்லை.

“இந்தத் தெருவுல வேற ஆள் இல்லாமலா போயிரும்? நான் அங்க கேட்டுக்கிறேம்மா.”

“தாராளமாப் போங்க. அவளுவ எல்லாம் எங்கிட்டதான் கேட்டுக்கிட்டுக் கிடந்தாளுவ.”

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை லாட்ஜிலிருந்து இரண்டு பை நிறையக் கவர்கள் வந்தன. கீழவைப்பார், வேம்பார் என்று கடற்கரை ஊர்களில் நாலணாவுக்கு வாங்கியவை. ஆக்னஸ் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்து அவர் கண்ணில் படாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஊர் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். அதற்குக் காசு வாங்கவில்லை. மூன்று காலை ஆனது.

சனிக்கிழமை புது மெஷின் கைவண்டியில் வந்து இறங்கியது. கிளாட்வின் ஒரு பக்கம் பிடித்தான். பின்கட்டில் போட்டுவிடலாம் என்று பார்த்தான். ஆக்னஸ் முன்னறையில், வாசலுக்கு நேரே கையைக் காட்டினாள்.

“எம்மா, இங்கன போட்டா போறவன் வாரவன் எல்லாம் பாப்பான். கிளார்க் வீட்ல அம்மா கூலிக்குத் தைக்கான்னு பேசுவான்.”

“பேசட்டும்,” என்றாள் ஆக்னஸ். “கவுன் துணியோட வாரவ கண்ணுலயும் படணும்லா. இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளு.”