இடக்கைச் சிலம்பம்

என் பிள்ளைகள் இருவருக்கும் எதையும் பாதியில் விட்டுவிடுவதில் அபாரத் திறமை. பத்து வயது மகள் பாட்டு வகுப்பில் சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. இந்தி வகுப்பில் சேர்த்தோம். வாத்தியார் வீட்டு நாய் முறைக்கிறது என்று நின்றுவிட்டாள். எட்டு வயது மகனின் வழி இன்னும் சுலபம். கணக்கு சற்றுக் கடினமானால் தரையில் மல்லாந்து படுத்துவிடுவான். "வயித்த வலிக்கிதும்மா" என்பான். படுத்தபடியே முறுக்கும் தின்பான்.

வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் எங்களுக்குக் கருப்பட்டி மொத்தக் கடை. நானும் கணவரும் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். நாங்கள் ஊர்ப்பேச்சில் கேட்டால் அவர்கள் தெருப்பேச்சில் பதில் சொல்வார்கள். கடைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் குடும்பம்.

ஒரு கோடைக் காலையில் மொட்டை மாடியில் கூழ் வடாம் பிழிந்து காயவைத்திருந்தேன். காக்கைகள் கூட்டமாக இறங்கின. துணி காயப்போடும் மூங்கிலைக் கையில் எடுத்தவள், என்னை அறியாமலே அதைத் தலைக்கு மேல் சுழற்றிவிட்டேன். காக்கைகள் பறந்தன. திரும்பினால், படிக்கட்டில் இரண்டு பிள்ளைகளும் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

"அம்மா, இன்னொரு தபா சுத்து!" என்றான் மகன்.

எனக்கு மூன்று அண்ணன்மார். இருவர் சிலம்பம் ஆடினால் மூன்றாமவர் சும்மா நிற்க வேண்டியிருக்கிறதே என்று, சின்ன வயதில் என்னையும் ஜோடி சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் கம்பைத் தொட்டதே இல்லை. ஆனால் கை மறக்கவில்லை.

அன்று மாலையே மூங்கில் கடைக்குப் போய், அவரவர் புருவ உயரத்துக்குக் கம்பு வெட்டி வாங்கினோம். திரும்பி வந்தபோது என் கணவர் எங்கள் கடைக் கல்லாவிலிருந்தே பார்த்துவிட்டு, "பொங்கல் வரைக்கும் தாங்குமா, இல்ல அடுப்புக்குத்தானா?" என்று கேட்டார்.

அடுப்புக்குத்தான் போயிருக்கும். முதல் நாள் உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த நாள் மணிக்கட்டு வலித்தது. அதற்கடுத்த நாள் மகன் மாடியில் மல்லாந்துவிட்டான், பக்கத்தில் கம்பையும் படுக்கவைத்து. மகள், "இது ஆம்பளைங்க வெளாட்டும்மா" என்றாள்.

"உங்கம்மா என்னட்டி, ஆம்பளையா?"

 அப்படியும் கம்பு மூலைக்குப் போய்விட்டது. அதட்டிப் பார்த்தேன். சுக்குக் கருப்பட்டி கொடுத்துப் பார்த்தேன். கருப்பட்டி வாயில் இருக்கும்வரை கம்பு சுற்றும், கரைந்ததும் நின்றுவிடும்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தவலையைத் தூக்கும்போது எனக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருந்தார்கள். இருந்தாலும் மாலையில் பிள்ளைகளோடு மாடிக்குப் போனேன். வலது கை இல்லாவிட்டால் இடது கை என்று கம்பைச் சுழற்றினேன். அண்ணன்மார் எனக்கு இடக்கை வீச்சு சொல்லித் தந்ததே இல்லை. அரைச் சுற்றில் கம்பு நழுவி, என் நெற்றியிலேயே ஒரு போடு போட்டுவிட்டுக் கீழே விழுந்து உருண்டது.

வழக்கம்போல் மல்லாந்து கிடந்த மகன் துள்ளி எழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. மகள் ஓடிவந்து என் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கட்ட வெரலு மேல வர்ணும்மா! நீ தானே சொன்னே!" என்றான் மகன்.

"எங்கே, சுத்திக் காட்டுலே."

காட்டினான். நிதானமாக, எனக்குப் புரியும்படி, கட்டைவிரல் எங்கே வருகிறது, மணிக்கட்டு எங்கே திரும்புகிறது என்று. நான் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் அவனுக்குள் இறங்கித்தான் இருந்தது. நான் மறுபடியும் கம்பைத் தவறவிட்டேன். "கைய லூஸா வுடும்மா, அது இன்னா பாம்பா?" என்று மகள் அதட்டினாள்.

அதோடு நான் வலக்கைக்குத் திரும்பவில்லை. கட்டு அவிழ்ந்த பிறகும் இடக்கைதான். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நிஜமாகவே எனக்கு வரவில்லை. மூவரும் சேர்ந்து தவறவிட்டோம், குனிந்து எடுத்தோம், மறுபடி சுழற்றினோம். அம்மாவும் தவறவிடுகிறாள் என்றால் தவறவிடுவதில் அவமானம் ஒன்றும் இல்லையே.

ஒரு மாலை, கீழ்வீட்டு அம்மாள் கொண்டையை முடிந்தபடி மேலே வந்தாள்.

"யக்கா, இன்னா மேல? தேங்கா மூட்டைய உருட்டிக்கினு கீறீங்களா? நைட் டூட்டிக்குப் போற மனுசன் தூங்க வாணாமா?"

விஷயத்தைச் சொன்னேன். அன்று நெற்றியில் புதிதாக வாங்கிய வீக்கத்தையும் காட்டினேன்.  "குடு இப்டி, நானும் ஒரு சுத்து சுத்தறேன்" என்று சேலையை இழுத்துச் செருகினாள். அவள் கம்பு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய் விழுந்தது. மறுநாள் எங்கள் கடையின் பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, மாடி முழுக்க அவளே விரித்தாள். அவள் வீட்டுக்காரர் அதன் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மேலே 'தொப்'பென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பாதிப் படி ஏறி எட்டிப் பார்த்தேன். மகள் தனியாக, ஈரச் சாக்கின் மேல், பின்னல் அவிழ்ந்தது தெரியாமல் கம்பு சுற்றிக்கொண்டிருந்தாள். தவறவிட்டாள். முணுமுணுத்தபடி எடுத்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை, யாரும் சொல்லவில்லை. நான் மேலே போகாமல் அந்தப் படியிலேயே நின்றேன். பாலைப் பொங்கவிட்டுவிட்டேன் என்பது வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

பொங்கலுக்குத் தெருப் பையன்கள் உப்புக் கிடங்கு மைதானத்தில் விளையாட்டு விழா வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். மகள் முதலில் ஆடினாள். பிசகில்லாமல் முடித்து, வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்து மகன். நன்றாகத்தான் தொடங்கினான். கூட்டம் கைதட்டியதும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டான். கம்பு கையை விட்டுப் பறந்து, மாடுகளுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. மைதானமே சிரித்தது.

 அவன் என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் நவுருங்க, நவுருங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தோள்வரை கையை விட்டுக் கம்பை எடுத்தான். சட்டையில் துடைத்தான். முதலிலிருந்து ஆரம்பித்தான். ஈரக் கம்பு மறுபடியும் வழுக்கியது. இந்த முறை காலடியில்தான் விழுந்தது. எடுத்து, உள்ளங்கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்து அவன் கம்பை நிறுத்தியபோது காதைப் பிளக்கும் விசில் ஒன்று கேட்டது. பார்த்தால், கடையில் சத்தமாக ஒரு வார்த்தை பேசியறியாத என் கணவர், ஒரு பெட்டி மேல் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்திருந்தார்!

வீடு திரும்பும்போது மகன் ஈரக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், நின்று சொன்னான்:

"ரெண்டு தபா வுட்டுட்டேன். ஆனா முட்ச்சிட்டேன்!"