ஆறாவது வரி

ஆன்லைனில் பாடம் எடுக்கப் போகிற இளம் ஆசிரியைகள் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். “சீனப் பிள்ளைகளுக்கு காம்ப்ரிஹென்ஷன் எப்படி மேடம் எடுக்கறீங்க?” என்று கேட்கிறார்கள். நானும் கேள்வியை முதலில் படிக்கச் சொல்லு, பத்தியைப் பிறகு படிக்கச் சொல்லு என்று நாலு வழி சொல்லி அனுப்புவேன். ஜியா யீ என்ற பெண்ணைப் பற்றி அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது பாதிப் பாடம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாள்

சங்ககிரிக்குப் பக்கத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். இரண்டு மாதம் வீட்டில் இருந்ததில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை போடக் காரணங்கள் தீர்ந்துபோயின. அந்த நேரத்தில்தான் சிவகுமார் வந்தான். என்னிடம் படித்தவன். மெயின் ரோட்டில் லாரி டயர் கடைக்கு மேலே மாடியைப் பிடித்து, ஆறு கம்ப்யூட்டர் போட்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க டீச்சர், ஊட்டுல சும்மா உக்காந்து என்னங்க பண்றீங்க? மலேசியாவுல ஈப்போன்னு ஒரு ஊருங்க. அங்க ஒரு டியூஷன் சென்டர்ல நம்மளக் கேக்கறாங்க. சீனப் பசங்க. ஊட்டுலயும் சீனம், பள்ளிக்கூடத்துலயும் சீனம். அடுத்த வருசம் பெரிய ஸ்கூலுக்குப் போகோணும், இங்கிலீஷ் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரீலீங்களாமா.”

“எனக்குச் சீனம் தெரியாதேடா.”

“அதுதானுங்க வேணும். தெரிஞ்சா நீங்களும் சீனத்துலயே பேசிப்போடுவீங்க.”

இங்கே ஐந்து மணி என்றால் அங்கே ஏழரை. ஆறு பிள்ளைகள், எல்லோருக்கும் பன்னிரண்டு வயது. மழைக்கு முன்னால் படகைப் பழுது பார்க்கும் மீனவனைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து நின்று ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட அப்படி வாசிக்க மாட்டார்கள்.

“அண்டர்ஸ்டாண்ட்?” என்றேன்.

ஆறு பேரும், “எஸ் டீச்சர்.”

மீனவன் ஏன் அவசரப்பட்டான் என்று கேட்டேன். ஆறு தலைகளும் குனிந்துகொண்டன. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள் என்று குரலை உயர்த்தினேன். அதற்கும் “எஸ் டீச்சர்”தான். கீழே ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனது. அது மைக்கில் அவர்கள் காதுக்கும் போய்விட, திரையில் ஓரத்துச் சதுரத்தில் இருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் ஜியா யீ.

மறுநாள் தாள்களைக் கேமராவில் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையின் தலையிலும் பென்சிலால் பொடிப்பொடியாகச் சீன எழுத்து. நம் பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொள்வார்களே, அதே பழக்கம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும். ஆனால் வாக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்டால் தெரியாது. இனிமேல் ஒரு சீன எழுத்துகூடத் தாளில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

வரி எண்

வருடா வருடம் பேப்பர் திருத்தும் முகாமுக்குப் போய் வந்தவள் நான். முகாமில் கையில் ஒரு விடைக் குறிப்பு கொடுப்பார்கள், ‘கீ’ என்போம். கீயில் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. பிள்ளை எவ்வளவு உருக்கமாக எழுதியிருந்தாலும் நாம் உருகக் கூடாது. அந்தப் பழக்கத்தை அப்படியே ஈப்போ வகுப்புக்குக் கொண்டுவந்தேன். விடைத்தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: வரி எண். எந்த விடையாக இருந்தாலும் பத்தியில் எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் சைபர்.

பலன் கிடைத்தது, பொய் சொல்லவில்லை. மூன்றே மாதத்தில் பிள்ளைகள் வரிக்கும் வரிக்கும் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார்கள். அதிலும் ஜியா யீ ரொம்பக் கெட்டி. அப்பா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வகுப்பில் சொந்த விஷயம் பேசக் கூடாது, யாருடைய பெயரும் விலாசமும் தாளில் வரக் கூடாது என்பது எங்கள் சென்டரின் ரூல். நல்ல ரூல்தான். அதைப் போடும்போது நானும் சிவகுமாருடன் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைப் பத்தி

இங்கிலீஷ் டீச்சர் வீட்டு வாசலுக்கு என்னென்ன தாள் வரும் என்பது கிராமத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பேங்க் நோட்டீஸ், இன்சூரன்ஸ் கடிதம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வரும். ஒரு முறை பக்கத்துத் தெரு லாரி டிரைவர் பெரியசாமி, மனைவியின் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

“டீச்சர், இதுல என்னங்க போட்டிருக்குது? டாக்டரு வெரசலாப் பேசிப்போட்டாருங்க, ஒண்ணும் வெளங்கல.”

படித்தேன். நல்ல சேதி இல்லை. தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். “டாக்டர் நேர்ல இன்னொருக்காப் பேசோணும்னு போட்டிருக்காருங்க. பெரிய பையனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ஏனுங்க, சாப்பிட்டீங்களா?” என்றேன். உட்காரவைத்துக் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எதிரே ஆள் நின்றால் தானாக வருகிற விஷயம் இது.

இந்தத் தாள்களை நினைத்துத்தான் வெள்ளிக்கிழமைப் பத்தி என்று ஒன்றை ஆரம்பித்தேன். வாரக் கடைசியில் ஒரு பிள்ளை, தன் ஊரில் கண்ணில் பட்ட இங்கிலீஷ் எதையாவது டைப் செய்து கொண்டுவர வேண்டும். எல்லோரும் சேர்ந்து படிப்போம். நூடுல்ஸ் பாக்கெட், நீச்சல் குளத்து அறிவிப்பு, கேம் விதிகள் என்று வந்தன. வகுப்பு ஒரே கும்மாளமாக இருக்கும்.

ஜியா யீயின் முறை வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சாட்டில் வார்த்தை வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் மருத்துவ வார்த்தைகள். “என்ன, டாக்டர் ஆகப்போகிறாயா?” என்று கேலியாக எழுதினேன். சிரித்த முகம் ஒன்றைப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு வரி டைப் செய்து கொண்டுவந்தாள். ஒரு நோயாளியைப் பற்றியது. பெயர் இல்லை, ரூல்படி ‘நோயாளி’ என்றுதான் இருந்தது. மூன்றாவது வரியில், மேற்கொண்டு சிகிச்சையால் பயன் இருக்க வாய்ப்பில்லை. நான்காவதில், இனி நோயாளியை வசதியாக வைத்திருப்பதே நோக்கம். ஆறாவதில், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இனிப் பரிசீலனையில் இல்லை.

எவ்வளவு அருமையான பத்தி என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை.

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது, தமிழில் தருகிறேன்.

“டீச்சர், நான்காவது வரியில் வசதி என்று இருக்கிறது. அது நல்லதுதானே?” என்று கேட்டாள்.

“அங்கேதான் ஏமாறக் கூடாது. ஒரு நல்ல வார்த்தையைப் பார்த்ததும் நல்ல சேதி என்று நினைக்காதே. மூன்றாவது வரியோடு சேர்த்துப் படி. சிகிச்சையால் பயன் இல்லை. அப்படியானால் நோயாளி?”

“குணமாக மாட்டார்,” என்றாள்.

“எக்ஸலன்ட். இதுதான் இன்ஃபரன்ஸ். எழுதாததையும் எழுதியதிலிருந்து புரிந்துகொள்வது. இப்போது ஆறாவது வரி?”

நெட் சரியில்லையோ என்று பார்த்தேன்.

“வீட்டுக்கு வர மாட்டார்.”

“முழு வாக்கியமாக எழுது. வரி எண்ணோடு.”

எழுதினாள். ‘நோயாளி வீட்டுக்குத் திரும்பி வர மாட்டார். வரி ஆறு.’ நான் டிக் போட்டு, இரண்டுக்கு இரண்டு கொடுத்து, ‘வெரி குட்’ என்று எழுதினேன். மற்ற ஐந்து பேரையும் அவளுக்குக் கை தட்டச் சொன்னேன். தட்டினார்கள்.

அதற்குப் பிறகு

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. வியாழன், வெள்ளியும் வரவில்லை. மார்க் வந்ததும் தலைக்கனமா என்று மனதுக்குள் திட்டினேன். மறு வாரமும் வராததால் ஈப்போ சென்டரில் கேட்கும்படி சிவகுமாரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து சிவகுமார் என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“டீச்சர், அந்தப் புள்ளையோட அம்மா தவறிட்டாங்களாமுங்க.”

“என்னடா சொல்றே? எப்படி?”

“கேன்சராமா. ரொம்ப நாளா ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாங்களாம். நமக்கு ஒண்ணும் தெரீலீங்க.”

வகுப்பெல்லாம் பதிவாகும். அந்த வெள்ளிக்கிழமையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நான் திரையில் பத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓரத்துச் சதுரத்தில் அவள் என் ஒவ்வொரு பாராட்டுக்கும் தலையாட்டுகிறாள். முழு வாக்கியமாக எழுதச் சொன்னபோது உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு எழுதுகிறாள். கைதட்டல் முடிவதற்குள் கேமராவை அணைத்துவிடுகிறாள்.

சிவகுமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதுல பேரா இருந்துச்சு, ஊரா இருந்துச்சு? பேரு போடக் கூடாதுன்னு ரூல் போட்டதே நாமதானுங்க. உங்களுக்கு எப்படிங்க டீச்சர் தெரியும்?”

“எழுதாததைப் புரிஞ்சுக்கோ, எழுதாததைப் புரிஞ்சுக்கோன்னு முப்பது வருசமாக் கத்துனவ நான்தானேடா,” என்று சத்தம் போட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். நான் அழுதேன்.

பத்து நாளில் அவளுடைய அப்பா சீனத்தில் ஒரு கடிதம் எழுதி, ஈப்போ சென்டரில் அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பியிருந்தார்கள். டாக்டர்கள் பல முறை இங்கிலீஷில் விளக்கினார்களாம். புரிந்ததா என்று கேட்டபோதெல்லாம் அவர் ‘எஸ், எஸ்’ என்றே சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை மகள்தான் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைச் சீனத்தில் அவருக்குச் சொன்னாளாம். மறுநாள் கடையை மூடிவிட்டு, ஆஸ்பத்திரியில் அம்மாவோடு மூன்று பேரும் ஒன்பது நாள் ஒன்றாக இருந்தார்களாம். டீச்சருக்கு நன்றி என்று முடித்திருந்தார்.

“பாத்தீங்களா டீச்சர், நல்லதுதானுங்க நடந்திருக்குது,” என்றான் சிவகுமார். இருக்கலாம். அந்த ஒன்பது நாளை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பெரியசாமியிடம் சொல்லாமல் விட்டது போன்ற சேதியை ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறது. அந்தச் சேதியை நான் அவளுக்குக் கொடுத்த விதம்தான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். வெள்ளிக்கிழமைப் பத்தியை நிறுத்தவில்லை. வியாழக்கிழமையே அதை வாங்கிப் படித்துவிடுகிறேன். பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்து, “இது யாருடையது? யாருக்காகப் படிக்கிறாய்?” என்று கேட்கிறேன். உடனே பதில் வராவிட்டால் அவசரப்படுத்துவதில்லை. திரையில் பத்தியைச் சின்னதாக்கிவிட்டு முகத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். காம்ப்ரிஹென்ஷன் எடுக்கப் போகிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதைச் செய்யுங்கள். பத்தியில் இருப்பதற்கு வரி எண் உண்டு. கொண்டுவந்த பிள்ளைக்கு அது கிடையாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

ஜியா யீ ஒரு மாதம் கழித்து வகுப்புக்கு வந்தாள். சட்டைக் கையில் சின்னத் துணித் துண்டு ஒன்று குத்தியிருந்தது. அவர்கள் துக்கம் காக்கும் வழக்கமாம். வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் இருக்கச் சொன்னேன். நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். “என்னை மன்னித்துவிடு, நான் கேட்டிருக்க வேண்டும்,” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்கள் சொன்னது சரியான விடைதான், டீச்சர்,” என்றாள். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் ஆறாவது வரியை நிறையத் தடவை படித்தேன். நீங்கள் ஒரு தடவையாவது தப்பாகத் திருத்தியிருக்கக் கூடாதா என்று இருந்தது.”

கீழே ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரனை அடித்துக்கொண்டு போனது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எனக்காக, முதல் நாள் சிரித்த மாதிரி சிரிக்கப் பார்த்தாள்.