கூவாத மைக்

அன்று கோயில் மண்டபத்தில் நான் இருந்தேன். என் மனுசி இருந்தா. பயன் சொல்ல வந்த அவாவின் அண்ணன் இருந்தார். விளக்குக்கு எண்ணெய் விட்டபடி ஐயர் இருந்தார். வேறு ஆள் இல்லை.

மறுநாள் புராணப் படிப்பு. மனுசி ஒவ்வொரு பாட்டாய் ராகத்தோடு படிக்க, அண்ணன் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வார். போன வருசம் தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கர் சத்தம் திரும்பப் புகுந்து மைக் கூவி, படிப்பு நின்றுபோனது. "இனி ஒருக்கால் கூவினால் நான் மேடை ஏறமாட்டன்" என்றா மனுசி. பகிடிக்குச் சொல்கிற ஆள் இல்லை. மைக்கும் ஸ்பீக்கரும், சவுண்ட்ஸ் செற் முழுக்க, என்னுடையது.

நான் படித்தது எட்டு. போனில் வீடியோ பார்த்து, சின்ன கம்பியூட்டர் போட் ஒன்று வாங்கி, முதலில் கை தட்டினால் எரிகிற லைற் செய்தேன். பிறகு சத்தத்தை உள்ளே எடுத்து அப்படியே வெளியே விட்டேன். அதற்கே கனநாள் போனது. சத்தம் போட்டுக்குள் இலக்கமாகப் போகும். இலக்கங்களை ஒரு கட்டு நிரம்பும்வரை பிடித்து, கணக்குப் பார்த்து, வெளியே விடும். கூவல் ஒரே சுருதியில் ஏறும். அந்தச் சுருதியை மட்டும் வெட்டச் சொல்லிப் புரோகிராம் எழுதினேன். கட்டு பெரிதென்றால் சுருதி திறமாகப் பிடிபடும். கட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இலக்கம் வைத்தேன். வீட்டில் மைக்குக்கு முன் போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். கூவவில்லை.

போட்டைப் பெட்டியில் பூட்டி மண்டபத்தில் வைத்தேன். அங்கும் கூவவில்லை. ஆனால் மனுசி முதல் வரியிலேயே தடக்கினா. திரும்பத் தொடங்கி, திரும்பவும் தடக்கினா. மனப்பாடமான பாட்டு.

"என்ன தங்கச்சி, வாய்க்குள்ள புட்டோ?" என்றார் அண்ணன்.

அவா சிரிக்கவில்லை. "எனக்கு ஏலாது. வேற ஆளைப் பாருங்கோ" என்று மைக்கை வைத்தா.

அண்ணன் எடுத்தார். "அடியார்களே" என்று தொடங்கியவர், "அடி... அடியா..." என்று நின்றார்.

"உமக்கும் புட்டோ?" என்றார் ஐயர்.

மைக்குக்கு முன் கையைத் தட்டினேன். கையின் சத்தம் ஒன்று. பெரிய கட்டு நிரம்பி, பிந்தி ஸ்பீக்கரில் இன்னொன்று. தன் குரல் பிந்தி வந்து காதில் விழுந்தால் ஆருக்கும் நாக்குத் தடக்கும். போனில் போட்ட பாட்டு தடக்காது. செற்றுக்காரர் நாங்கள் எப்பவும் பாட்டுப் போட்டுத்தானே சரிபார்ப்பது.

"பிழை உன்னில இல்லையப்பா. பெட்டியில" என்றேன் மனுசியிடம்.

லப்டொப்பைப் பெட்டியில் கொழுவினேன். கூவலைத் தேடுகிற கணக்கை ஒரு பக்கம் ஆறுதலாக ஓட விட்டேன். குரல் அதற்காகக் காத்து நிற்கத் தேவையில்லை. குரலின் கட்டை நல்லாய்க் குறைத்தேன். வெட்டுகிற கணக்கு முடியமுதல் அடுத்த கட்டு வந்து, ஸ்பீக்கர் கரகரவென்று பொரிந்தது. ஒரு படி கூட்டினேன். பொரியல் நின்றது.

மனுசி என்னைப் பார்த்தா. மைக்கை எடுத்தா. பாட்டு முழுக்கப் படித்தா. அண்ணன் பயன் சொன்னார். ஆரும் சொல்லாமலே அவா அடுத்த பாட்டுக்குப் போனா. நான் அப்போதுதான் நிலத்தில் குந்தினேன்.

"எத்தினையில வைச்சனீர் மச்சான்?" என்றார் அண்ணன்.

"கட்டு நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. இப்ப அறுபத்துநாலு."