சாக்பீஸ் மாவு

மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியில் ஒட்டியிருந்த சாக்பீஸ் மாவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்ணெய்க் கறைக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக. பதினோரு வருடமாகிறது. இன்றும் யாராவது கரும்பலகையைத் துடைத்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுவிடுவேன்.

ஓசூரில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்து அப்போது மூன்று மாதம். ஊர் தேன்கனிக்கோட்டை, மத்திகிரியில் வாடகைக்கு இருந்தேன். பவர் பிரஸ்ஸில் தகடு வைத்து, காலால் மிதியை அழுத்தி அடிப்பது என் வேலை. மெஷின் மக்கர் செய்தால் ஃபிட்டர் பாய் வருவார். தமிழில் பேச ஆரம்பித்து, கன்னடத்தில் மெஷினைத் திட்டி, தெலுங்கில் சிரித்து முடிக்கிற மனிதர். ஆபீஸ்காரர்கள் வந்தால் மட்டும் தூணோரம் ஒதுங்கிவிடுவார்.

அங்கே இரண்டு வகை எழுத்து உண்டு. ஒவ்வொரு மெஷினிலும் லேமினேட் செய்த பச்சை அட்டை தொங்கும்: 'பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது.' கீழே கையெழுத்து, முத்திரை. அதைக் கழற்ற பாய்க்கு அதிகாரம் கிடையாது. மற்றது சாக்பீஸ். எத்தனை டீ, யார் லீவு, யாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்று மெஷின் உடம்பெல்லாம் கிறுக்கல். அட்டையில் இருந்தால் உத்தரவு, சாக்பீஸில் இருந்தால் அரட்டை. கண் தானாகவே அப்படிப் பிரித்துக்கொண்டது.

அன்று காலை என் மெஷினில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'அடி தப்புது. கை வேணாம்.' பக்கத்திலேயே பச்சை அட்டை. படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படித்தேன், நம்பவில்லை. முத்திரை குத்திய அட்டையே பாதுகாப்பு என்கிறபோது கிறுக்கலை யார் மதிப்பது? வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிற நாள் வேறு. மெஷின் பளிச்சென்று இருக்க வேண்டும். துணியை எடுத்துத் துடைத்தேன்.

இருபது முப்பது தகடு ஒழுங்காக விழுந்தது. பிறகு ஒன்று மாட்டிக்கொண்டது. ஸ்டோரில் ஸ்பிரிங் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய பாய் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னம்மா, மாட்டிக்கிச்சா?" என்றவர், தான் எழுதிய இடத்தைப் பார்த்தார். "அட, நம்ம ஹெல்பர் பையன் அதுக்குள்ள சரி பண்ணிட்டானா?"

நான் வாய் திறந்திருக்க வேண்டும். துடைத்ததற்குத் திட்டு விழுமோ என்று பயந்து நின்றேன். எழுதிய ஃபிட்டரோ அவர் கூட்டாளியோதான், அதுவும் பழுதைச் சரிசெய்த பிறகுதான், அதை அழிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. அது எந்த அட்டையிலும் அச்சாகவில்லை. அட்டையை நம்பி நான் துடைத்தேன்; துடைத்த இடத்தை நம்பி அவர் கையை விட்டார்.

நான் மிதியில் கால் வைக்கவே இல்லை. மெஷின் தானாக இறங்கியது. அவர் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் அறிக்கை ஒட்டினார்கள்: 'தொழிலாளியின் கவனக்குறைவு.' அச்சில் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிடம் அப்படித்தான் போலிருக்கிறது என்று பட்டது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் இன்றும் என்னைக் கண்டு எனக்கே பயம். யார் துடைத்தது என்று பாய் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் பச்சை அட்டைகளில் கையெழுத்துப் போடுகிறவள் நான். போடுமுன் மெஷினை மூன்று சுற்றுச் சுற்றிச் சாக்பீஸைத் தேடுகிறேன். உடன் இருப்பவர்கள் பிரதட்சிணம் என்று கிண்டல் செய்கிறார்கள்.

பாய் கிருஷ்ணகிரியில் அண்ணன் மகனின் கடையில் இருப்பதாக அறிந்து, போன வாரம் நம்பர் வாங்கினேன். நேரில் போகத் துணிவில்லை. ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: 'பாய், அன்று அதைத் துடைத்தது நான்தான்.' கண்ணாடித் திரையில் அது யாரோ எழுதிய புகார் மாதிரி இருந்தது. அவர் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். சாக்பீஸ் என்றால் சுவடில்லாமல் போயிருக்கும். இங்கே 'இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்' என்று அந்த இடத்திலேயே ஒரு வரி நின்றது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வாட்ஸ்அப்பில் என் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டிருக்க வேண்டும்; அந்தக் கையால் எழுத வராததால் பேசி அனுப்பியிருந்தார். அதே குரல், சிரித்துக்கொண்டே கேட்டது.

"என்னம்மா, நல்லா இருக்கியா? எதையோ எழுதிட்டு அழிச்சிட்டியே, என்னாது அது?"

மூன்று நாளாகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போனைத் தொடும்போதெல்லாம் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறேன்.