ஒரு குறையும் இல்லை என்று எழுதிய விண்ணப்பம்

மச்சாள் குசினி மேசையில் தட்டச்சுப் பொறியை வைத்துவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு பிந்தும். மேல்மாடிச் சுவிஸ் அம்மா இரவல் தந்த பொறி அது. பெட்டியோடு தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். ஒரு பக்கம் ஜெர்மன் அகராதி, மறுபக்கம் நான் பாதி நறுக்கிய லீக்ஸ், நடுவில் மச்சாள். "மேசை உமக்கோ எனக்கோ?" என்று கேட்டால், "இண்டைக்கு மட்டும் சட்டத்துக்கு, மச்சாள்" என்பாள். எண்பதுகளின் பிற்பாதியில், சுவிஸ் நாட்டு ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் மூன்று பேர் இருந்த அந்தச் சின்ன வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை.

அவள் என் கணவரின் தங்கை. கொழும்பில் சட்டம் படிக்கத் தொடங்கி, கலவரத்தோடு அது பாதியில் நின்றுபோய், எங்களிடம் வந்து சேர்ந்தவள். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவினாள். கழுவிக்கொண்டே ஜெர்மன் வினைச்சொற்களைப் பாடமாக்கினாள். இந்த நாட்டிலேயே சட்டம் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வெளிநாட்டுச் சான்றிதழ்காரருக்கு ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்த மாமிக்கே, மச்சாளின் அம்மாவுக்கே, போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் மச்சாள் விதிக்கோவை ஒன்றோடு ஓடி வந்தாள். வசதியில்லாதவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்ததாம். புதையல் எடுத்தவளைப் போலக் குதித்தாள்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "இல்லையெண்டு எழுதி ஊரெல்லாம் அனுப்பப் போறியோ?" என்றார்.

"இது பிச்சையில்லை, அண்ணை. கேக்கலாமெண்டு அவையே எழுதி வைச்சிருக்கினம். எழுதி வைச்சதைக் கேக்கிறதுக்கு என்ன வெக்கம்?"

மூன்று சட்டபீடங்களுக்கு எழுதினாள். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினாள். வேலையிடத்தில் பேச்சு விளங்கினாலும், நான் வாசிக்கும் ஜெர்மன் சலவைப்பொடிப் பெட்டியைத் தாண்டாத ஜெர்மன்; ஓரம் பிசகாமல் அடித்திருந்த அழகை மட்டும் பார்த்துத் தலையாட்டினேன். பதில்கள் வந்த பிறகுதான் சங்கதி விளங்கியது. எங்கள் ஆட்கள் எந்தக் கடிதத்தையும் எப்படித் தொடங்குவார்கள் என்று வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மச்சாளும் அப்படியே தொடங்கியிருந்தாள்: "கடவுள் கிருபையால் நாங்கள் நலம். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை." அதற்குக் கீழே, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு வேண்டுகோள். முதல் சட்டபீடம், நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, கட்டணத்தை உரிய நாளுக்குள் கட்டுங்கள் என்று எழுதியது. இரண்டாவது வெறும் கட்டணச் சீட்டை மட்டும் அனுப்பியது. நான் வயிறு நோகச் சிரித்தேன். மச்சாள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாவது நேரில் வரச் சொன்னது. மிச்சம் இருந்தது அந்த ஒரு கதவுதான். நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். செயலாளர் அம்மா கடிதத்தை எங்கள் முன் வைத்து, 'ஒரு குறையும் இல்லை' என்ற வரியில் விரலை வைத்தார். கோப்பில் இந்த வரி இருக்கும்வரை தான் கையெழுத்து வைக்க முடியாது என்றும், இதை வெட்டினால் இப்போதே விலக்குத் தரலாம் என்றும் பொறுமையாகச் சொல்லிப் பேனாவையும் நீட்டினார். காரியம் பலித்தது என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மச்சாள் பேனாவை வாங்கினாள். வெட்டவில்லை.

"வெட்டி விடுமன்," என்று அவள் தொடையில் கிள்ளினேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ, மச்சாள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வரிக்காகப் படிப்பையே தூக்கி எறியப் போகிறாளே! அவளோ அந்த அம்மாவைப் பார்த்து ஜெர்மனில் நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். "எங்கள் ஆட்கள் கடிதத்தை இப்படித்தான் தொடங்குவார்கள். போன கிழமை வந்த என் அம்மாவின் கடிதத்திலும் முதல் வரி இதுதான். அடுத்த வரியில், ஷெல் விழுந்து வீட்டுக் கூரை போய்விட்டது, பக்கத்து வீட்டில் படுக்கிறோம் என்று எழுதியிருக்கிறா. அவ அங்கே வெட்டாத வரியை நான் இங்கே வெட்ட மாட்டேன். வேண்டுமானால் ஏதாவது கூட்டுகிறேன்."

அந்தக் கடிதத்தை நானும் வாசித்திருந்தேன். கூரைக்காக அழுதேனே தவிர, முதல் வரியைக் கவனிக்கவேயில்லை. செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, என்ன கூட்டுவாய் என்று கேட்டார். மச்சாள் குனிந்து, வரிக்கு மேலே சின்ன எழுத்தில் எழுதினாள். இப்போது அது, "இந்தக் கட்டணம் ஒன்றைத் தவிர எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை" என்றானது. அந்த அம்மா வாய்விட்டு வாசித்தார், சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். கையெழுத்து வைத்தார்.

மச்சாள் அந்தத் தேர்வில் தேறினாள். வேலையும் படிப்புமாக வருடக்கணக்கில் உடம்பு முறிய உழைத்தாள். இன்று அவளுடைய பெயர் ஒரு கதவில் பித்தளையில் இருக்கிறது; அவளைப் பார்க்க நானே முற்கூட்டி நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்த மச்சாள், அன்றைக்குத் திரும்பி வந்த ரயிலில் என் பக்கத்தில் இருந்தவள்தான். பேக்கரியில் வாங்கிய ஒரு பணிஸை இரண்டாய்ப் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தோம். அகதி மனுவுக்கு இன்னும் பதிலில்லை, மாமிக்குக் கூரையில்லை, சவர்க்காரத்தில் என் கைத்தோல் உரிந்து கிடந்தது. அப்படியிருந்தும் எனக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏன் மச்சாள் தனியச் சிரிக்கிறியள்?"

"இல்லை, இப்பதான் கட்டணமும் இல்லையெண்டாச்சே. இனி நீர் மேலை கூட்டினதை வெட்டலாம்."

அவள் சிரித்த சிரிப்பில் பெட்டியில் இருந்த சுவிஸ்காரர் எல்லாரும் பேப்பரை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.