நான்காவது பவர் பாங்க்

காலை ஐந்தரைக்கு என் போனில் பற்றரி நூறு வீதம் என்று காட்டும். சுருவிலில் பஸ் ஏறி, வங்களாவடிச் சந்தியில் இறங்கி, மற்ற பஸ் பிடித்து மடத்துவெளியைத் தாண்டும்போது எண்பத்தைந்து. குறிகட்டுவானில் படகேறி நடுக்கடலுக்குப் போனதும் போன் சிக்னலைத் தேடத் தொடங்கிவிடும். தேடித் தேடிச் சூடாகும். நெடுந்தீவில் இறங்கும்போது ஐம்பது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பன்னிரண்டுக்கு இருபது இருந்தால் அது என் அதிர்ஷ்டம். பின்னேரம் திரும்பிப் படகேறும் நேரத்தில் அது வெறும் கண்ணாடித் துண்டு. தலைமயிர் கலைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

புதுப் போன் வாங்கலாமே என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்கும் என் அளவு சம்பளம்தான், ஆனாலும் சொன்னார்கள். பற்றரியை மாற்றிப் பார்த்தேன். மாற்றிய பற்றரி பழையதைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போடலாம் என்றால் ஆசிரியர் அறையில் பிளக் ஒன்று, ஆசிரியர்கள் எட்டுப் பேர், கறண்டுக்கும் தன் இஷ்டம்.

இத்தனைக்கும் நான் போனில் படம் பார்க்கிற ஆள் இல்லை. பாட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. எனக்கு அது உயிரோடு இருந்தால் போதும். வீட்டில் அம்மா தனியே இருக்கிறார்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சீனி இறங்கிவிடும். தலை சுற்றும், கை நடுங்கும், விழுந்துவிடுவார். பிந்தாதீர்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. முற்றத்துச் சருகைக் கூட்டி எரித்து முடிக்காமல் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பதில்லை என்பது அவருடைய சட்டம். என் சொல் அந்த வீட்டில் எடுபட்டதே கிடையாது.

அதனால் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு அம்மா ஒரு மிஸ்ட் கோல் தர வேண்டும். நான் படகேறுகிற நேரத்துக்கு இன்னொன்று. இரண்டு தரம் அடித்து நின்றால் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். நிற்காமல் அடித்தால் நான் எடுக்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் முன்வீட்டு அக்காவுக்கு அடித்து, ஒருக்கால் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல ஒழுங்குதான். போன் செத்துப்போனால் எது நடந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது.

பின்னேரம் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா இரண்டு கேள்வி கேட்பார். சாப்பிட்டாயா என்பது ஒன்று. கனடா விசா என்ன மாதிரி என்பது மற்றது. தம்பி அங்கே இருக்கிறான். மூன்று மாதம் வந்து நின்றுவிட்டுப் போ என்று எனக்குக் கடதாசி எல்லாம் போட்டவன். “எம்பசியிலை பாக்கினமாம் அம்மா” என்று சொல்லிவிட்டு நான் முகம் கழுவப் போய்விடுவேன்.

ஆகவே பவர் பாங்க் வாங்கப் போனேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டி நிறையக் கிடந்தன. பத்தாயிரம், இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று கறண்ட் பிடிக்கிற அளவைப் பெரிய பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

“இதிலை எது நல்லது?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லது, அக்கா.”

“ஒறிஜினல் எது?”

“எல்லாம் ஒறிஜினல்தான். இது ஒறிஜினல். இது அதைவிடக் கொஞ்சம் குறைஞ்ச ஒறிஜினல்.”

நான் கணிதம் படிப்பிக்கிறவள். குறைந்த ஒறிஜினல் என்றால் என்ன என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். வெளியே என் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. ஐம்பதாயிரத்தை நம்பவில்லை, பத்தாயிரம் காணாது என்று நினைத்தேன், நடுவில் இருந்த இருபதாயிரத்தை எடுத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

அது என் போனை அரைவாசிக்கு ஏற்றிவிட்டு அணைந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனேன். “உங்கடை வயர் பிழை, அக்கா” என்றார் கடைக்காரர். புது வயரும் அவரிடமே வாங்கினேன். அடுத்த கிழமை போனபோது, “அப்ப உங்கடை போன் பிழை” என்றார். இன்னொரு தரம் போயிருந்தால் நானே பிழை என்று சொல்லியிருப்பார். கடைசியில் பள்ளிக்கூடத்து விஞ்ஞான சேர் அதைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே விரலளவில் ஒரு பற்றரி. மிச்ச இடத்தில் பாரத்துக்காக ஒரு சின்னப் பொட்டலம் மண். தீவுகளில் இல்லாத மண்ணா? அதைக் காசு கொடுத்து வாங்கி, நாளுக்கு இரண்டு தரம் கடல் தாண்டிச் சுமந்திருக்கிறேன்.

இரண்டாவதைத் திருவிழாக் கடையில் வாங்கினேன். வெயிலில் வைத்தால் தானாக ஏறுமாம். வெயிலுக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். நான்கு லைட்டில் ஒன்று எரிந்தது. அதன் தலையில் ஒரு ரோச் லைட்டும் இருந்தது, அது மட்டும் பளீரென்று எரிந்தது. அம்மா அதைக் கோழிக்கூடு பார்க்க வைத்துக்கொண்டார். “நல்ல சாமான் பிள்ளை” என்று எனக்குச் சான்றிதழும் தந்தார்.

மூன்றாவது புளியங்கூடலில், தெரிந்தவருடைய கடையில். தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நினைத்தேன். அவர் ஏமாற்றவில்லைதான். அவரை வேறு யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். பத்து நாள் ஒழுங்காக வேலை செய்தது. பதினோராம் நாள் காலை, படகு நடுக்கடலில் போகும்போது, மடியில் இருந்த கைப்பை சுட்டது. றப்பர் எரிகிற மணம் வந்தது.

“ரீச்சர், உங்கடை பை புகையுது!” என்று பக்கத்தில் இருந்த அக்கா எழும்பினார்.

யுத்தம் கண்ட இந்தக் கடலில், ஆட்கள் நிறைந்த படகில், ஒரு பை புகைந்தால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. படகுக்காரர்தான் கத்தினார்.

“உதைக் கடலுக்கை எறியுங்கோ ரீச்சர்! கீழை எண்ணெய் கிடக்கு!”

முகம் துடைக்கிற கைலேஞ்சியால் பிடித்து, வயரோடு, லேஞ்சியோடு சேர்த்து எறிந்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் ஒரு நிமிடம் நுரைத்தது. பிறகு ஒரு மாதமாக நான் ஏறும்போதெல்லாம் அந்த மனிதர், “இண்டைக்குப் பைக்குள்ளை என்ன, ரீச்சர்?” என்று கேட்டுச் சிரிப்பார். பாதுகாப்பானது எது, நம்பக்கூடியது எது என்று தேடித் தேடி ஒரு படகு ஆட்களைக் கொளுத்தப் பார்த்தவள் என்ற பெயர்தான் மிச்சம். இனி இந்தச் சாமானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அது என் பிழை. அப்படி விட்டிருந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது.

பன்னிரண்டு மணி மிஸ்ட் கோல் வந்தது. போனில் ஒன்பது வீதம். அதிபர் ஏதோ கூட்டம் வைத்தார். கூட்டம் முடிந்து பார்த்தபோது போன் செத்திருந்தது. சோளகக் காற்றுக்குப் படகும் பிந்தி வெளிக்கிட்டது. அம்மா இப்போது இரண்டு தரம் அடித்து விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கதிரையில் இருந்தார். நெற்றியில் பிளாஸ்ரர். கையில் சீனி கரைத்த தண்ணீர். முன்வீட்டு அக்கா பக்கத்தில் நின்றார்.

“கறிவேப்பிலை பிடுங்க வந்தனான், பிள்ளை. குசினி வாசலிலை கிடக்கிறா. உனக்கு எத்தினை தரம் அடிச்சனாங்கள்! போன் நிப்பாட்டிக் கிடக்கெண்டு அந்த ரெக்கோட் பெட்டைதான் மூண்டு பாஷையிலையும் கதைக்கிறாள்.”

“நான் விழுந்து கிடந்தபடியே பதினொரு தரம் அடிச்சனான்” என்றார் அம்மா. குற்றம் சொல்லவில்லை. கோழி எத்தனை முட்டை போட்டது என்று சொல்கிற அதே குரல்.

பதினொரு தரம். முக்கால் மணித்தியாலம் நிலத்தில் கிடந்திருக்கிறார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அழுகை வராமல் இருக்க யாரையாவது ஏச வேண்டும் போலிருந்தது. ஆள் கிடைத்தான். தம்பிக்கு அங்கே காலை நேரம். போனைச் சுவரில் சார்ஜ் போட்டபடியே அவனுக்கு எடுத்து, மூன்று பவர் பாங்க் கதையோடும் நடந்ததைச் சொன்னேன். அவன் பதறினான். அம்மாவோடு கதைத்தான். பிறகு எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினான்.

“அக்கா, பெரிய எழுத்திலை போட்டிருக்கிறதை நம்பக்கூடாது. பின்னாலை சின்ன எழுத்திலை இருக்கிறதைப் பாக்கோணும். சொல்லுற அளவிலை மூண்டிலை ரெண்டு பங்குதான் போனுக்கு வரும். சுடுறதையும் உப்பினதையும் கிட்டவும் வைக்கக்கூடாது. நல்ல கொம்பனியாப் பாத்து...”

“நல்ல கொம்பனியின்ரை பேர் இஞ்சை எல்லாப் பெட்டியிலையும்தான் அடிச்சுக் கிடக்கு! உனக்கென்ன, அங்கை நிண்டு சொல்லச் சுகம்.”

அவன் பாடத்தை நிறுத்தினான்.

“அப்ப நான் அனுப்பினது எங்கை?”

“எது?”

“மூண்டு வருசத்துக்கு முந்தி, என்ரை மனிசியின்ரை அப்பா திருவிழாவுக்கு வரேக்கை கையிலை குடுத்துவிட்டனானே. பவர் பாங்க். உனக்கெண்டுதான். அம்மாட்டைச் சொன்னனான்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தார்.

“ஓம், அலுமாரிக்கை கிடக்கு” என்றார். “பத்திரமாத்தான் இருக்கு.”

அந்த அலுமாரியை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த சவர்க்காரம், துவாய், சென்ற் போத்தல், உடைக்காத பெற்சீற், வெள்ளை பூத்துப்போன சொக்கிளேற். நல்ல நாள் வரும் என்று எல்லாம் உள்ளே காத்துக் கிடக்கும். பட்டுச் சேலைகளுக்கு அடியில், பூச்சி உருண்டைகளுக்கு நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. பெட்டியின் மூடி ஒரு பக்கம் எழும்பியிருந்தது. திறந்தேன். மேலே ஒட்டின பிளாஸ்ரிக் தாள்கூட உரிக்கவில்லை. ஒரு நாள்கூடச் சார்ஜ் போடவில்லை. உள்ளே இருந்தது நடுவில் பொங்கி, பொருத்தின விளிம்பு பிளந்து கிடந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை.

“மூண்டு வருசமா நான் மண்ணைக் காவிக்கொண்டு திரியிறன்! கடலுக்கை எரிஞ்சு சாகப் பாத்தனான்! நீங்கள் இண்டைக்குச் செத்திருப்பியள்! நல்ல சாமானைப் பூட்டி வச்சு என்ன செய்யப் போறியள், அம்மா? ஆருக்கு வச்சனீங்கள்?”

நெற்றியில் பிளாஸ்ரர் ஒட்டின மனுஷியைப் பார்த்துத்தான் இவ்வளவும் கத்தினேன். முன்வீட்டு அக்கா கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு மெல்ல வெளிக்கிட்டுவிட்டார்.

“உனக்குத்தான் வச்சனான்” என்றார் அம்மா. “நீ கனடா போகேக்கை பிளேனுக்கை கையோடை கொண்டு போறதுக்கு. ஒரு நாள் முழுக்கப் பயணமாம். நீ இஞ்சை படகுக்கும் பஸ்ஸுக்கும் பாவிச்சு முடிச்சிட்டால் அதுக்குள்ளை பழுதாப் போயிடும். விசா வந்த உடனை எடுத்துத் தருவம் எண்டு இருந்தனான்.”

விசா வந்து மூன்று வருடம் ஆகிறது. விசா சரி, ஒட்டுவதற்குப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி எனக்கு மின்னஞ்சல் வந்தது. அம்மாவை மூன்று மாதம் யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று ஒரு கிழமை யோசித்தேன். பிறகு பாஸ்போர்ட்டை அனுப்பவில்லை. தம்பியின் வாயையும் கட்டினேன். உண்மையைச் சொன்னால் ‘என்னாலைதான் நிண்டவள்’ என்று அம்மா தன்னையே தின்றுகொண்டிருப்பார். அதனால்தான் ஒவ்வொரு பின்னேரமும் “பாக்கினமாம்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்தப் பெட்டி இங்கே காத்துக் கிடந்து பொங்கியிருக்கிறது.

சுடாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, பெட்டியோடு அதை வெளியே கொண்டுபோனேன். கிணற்றடியில் ஒரு பழைய பெயின்ற் வாளி கிடந்தது. மண் போட்டு அதற்குள் வைத்தேன். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து நின்றார்.

“சருகோடை போட்டிடாதை, காலமை எரிப்பன்” என்றார்.

“அம்மா, விசா மூண்டு வருசத்துக்கு முந்தியே வந்திட்டுது. நான்தான் போகேல்லை. எனக்கு உங்களை விட்டிட்டுப் போக ஏலாது.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றி பிளாஸ்ரரின் ஒரு முனை உரிந்திருந்தது. அதைத் திரும்ப அழுத்தி ஒட்டினார்.

“இதை நீ முந்தியே சொல்லியிருந்தா, அண்டைக்கே எடுத்துத் தந்திருப்பனே, பிள்ளை.”